சாதுவான சேவல்

பூவாத்தாளிடம் கோழி கேட்டு வருகிறவர்கள் பலர் உண்டு. பாடம் கேட்டு வந்தவன் நாட்ராயன் ஒருத்தன்தான்.

மூலனூருக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஓட்டு வீடு அவளுடையது. வீட்டைச் சுற்றிக் கம்பிவலைப் பட்டி. அங்கே வளர்வதெல்லாம் சண்டைக்கோழி இனம்தான். ஆனால் பூவாத்தாள் எதையும் களத்துக்கு விடுவதில்லை, விடுகிறவர்களுக்கு விற்பதும் இல்லை. அவளுடைய சேவல்கள் உருவத்தில் பயில்வான், குணத்தில் பசுமாடு என்று அந்தப் பக்கம் பேச்சு. பேசுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார்கள். இருந்தாலும் அவள் வெறுங்காலோடு பட்டிக்குள் போய் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாட்ராயன் அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவன். தறிக்குடோனில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்று பேசிப் பழகியவன். வீட்டில் அவன் தண்ணீர் கேட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் செம்பைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் அவன் வந்து நின்றபோது பூவாத்தாள் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, எனக்கு நீங்கதான் ஒரு வழி சொல்லோணுங்க!"

பட்டியிலிருந்த கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின.

"உக்காருங்கண்ணா. மெதுவாச் சொல்லுங்க" என்றாள் பூவாத்தாள்.

மெதுவாக அவனுக்கு வராது. உட்காரவும் முடியவில்லை. நின்றபடியே சொன்னான்.

அவன் வீட்டில் சண்டைக்கோழி இனத்தில் இரண்டு சேவலும் சில பெட்டைகளும் இருந்தன. ஆடி மாதம் அதில் ஒரு சேவல் அவன் மகள் மேல் பாய்ந்துவிட்டது. மகள் பெயர் தாரணி, ஏழு வயது. சேவலின் கால்முள் அவள் புருவத்தைக் கிழித்தது. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். அடுத்த நாள் காலையில் அவன் மனைவி கலாமணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கன்னிவாடியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. அண்ணன்காரன் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"என்னன்னு சொல்லி உட்டாங்க?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"அந்த வீடு எம்புள்ள பயமில்லாம இருக்கற எடமா ஆகட்டும், அப்பறம் வாரேன்னு சொல்லியுட்டாளுங்க. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஆகலீன்னா, பாப்பா கன்னிவாடியிலயே படிக்கட்டும்னுட்டா. அப்பறம் எங்கீங்க வரப்போறா?"

"பாஞ்ச சேவல் என்னாச்சு?"

"அன்னைக்கே கழுத்தத் திருகிப்போட்டனுங்க."

"கோழியே வேண்டாம்னு எல்லாத்தையும் வித்துறலாமே."

"எப்படீங்க? தறி ஒரு மாசம் ஓடுனா ஒரு மாசம் நிக்குது. குஞ்சு வித்துத்தான் பாப்பாளுக்குப் புஸ்தகம், துணி எல்லாம். சரி, நாலு பேர் மெச்சுற சாதுவான சேவல் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு போனேன். அவங்க சொல்ற வெலைக்கு என்னையே வித்தாலும் பத்தாது. இருக்கற கோழிய வெச்சே கொணத்த மாத்தோணும். முடியுங்களா, முடியாதுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"முடியும். ஒருக்கா அடவெச்சு எடுக்கற ஈட்டுக் குஞ்சுலயே கொஞ்சம் தெரியும்."

அவன் அப்போதுதான் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். பூவாத்தாள் அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

"பாப்பா ரொம்ப அழுதுச்சுங்களா?"

"அதுதானுங்க அதிசயம். ஒரு சத்தம் போடல! நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து உள்ள படுத்திருந்தேன். தானா முழிச்சு வெளிய வந்து பாக்கறேன், மூஞ்சியெல்லாம் ரத்தம், செவுத்தோரமா நின்னுக்கிட்டு இருக்கறா. எம்பொண்ணு அவ்வளவு சாதுங்க அம்மிணி. அவ கொணத்துல பாதி இந்தக் கோழிகளுக்கு வந்தாப் போதும், நான் பொழச்சுக்குவேன்."

பூவாத்தாளின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றது. என்னவோ கேட்க வாயெடுத்தாள். பிறகு கேட்கவில்லை.

"இப்ப நான் என்ன செய்யோணும்?" என்றான் நாட்ராயன்.

"இந்த ஈட்டுல சாதுவானத வெச்சுக்கங்க. மிச்சத்த வித்துருங்க. வெச்சுக்கிட்டத நல்லா வளந்ததும் எங்கிட்டக் கொண்டாந்து காட்டுங்க."

"எது சாதுன்னு எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

"உங்க கோழி. நீங்க பாத்து எடுங்க."

இதுதான் பாடமா என்று அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் கும்பிட்டுவிட்டுப் போனான். அப்போதே விளக்கமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்குமே என்று பிற்பாடு நான் அவளிடம் கேட்டேன். "தலையாட்டிட்டுப் போயிருப்பாரு, அவ்வளவுதான்" என்றாள்.

வீட்டுக்குப் போன நாட்ராயன் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

குஞ்சுகள் வளர்ந்து சேவல் எது பெட்டை எது என்று தெரிந்ததும், தினமும் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போவான். டங்கென்று ஒரு அடி. கூடவே "ஏய்!" என்று ஒரு அதட்டல். எது முன்னால் வருகிறதோ அது முரடு. எது பின்வாங்கி மூலையில் அடங்குகிறதோ அது சாது. கணக்கு சுலபமாக இருந்தது. முரடு என்று தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சந்தைக்குக் கொண்டுபோனான்.

முதலில் போனது ஒரு கீரி நிறத்துச் சேவல். தட்டுச் சத்தம் கேட்டதும் மற்றவை ஓட, அது மட்டும் நடந்து வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கரண்டியை ஒரு கொத்துக் கொத்தியது.

"திமிரப் பாரு!" என்று அன்றைக்கே அதன் காலைக் கட்டினான்.

மூலையில் அடங்கியவற்றில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கருப்புச் சேவல். அது அசையாது. ஒரு காலைக்கூட மாற்றி வைக்காது. கழுத்தை உள்ளே இழுத்து, இறகுகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, அவன் இருக்கும் வரை அப்படியே நிற்கும். அதற்குச் சாமியார் என்று பெயர் வைத்தான்.

பகலில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தறிக்கு முன்னால் போய் நின்றால் பயம் வந்துவிடும். இந்தச் சாதுத்தனம் நிலைக்குமா, கலாமணி நம்புவாளா, பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று மனசு தறியைவிட வேகமாக ஓடும். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் முதலாளியிடம் இரண்டு தடவை பேச்சு வாங்கினான்.

கன்னிவாடிக்குப் போன் செய்வான். கலாமணி நாலு வார்த்தை பேசுவாள்.

"பாப்பாகிட்டக் குடு" என்பான்.

"வெளையாடிக்கிட்டு இருக்கறா."

ஒவ்வொரு தடவையும் தாரணி விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். பாட்டி வீட்டில் பிள்ளைக்கு அவ்வளவு விளையாட்டு என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருப்பான்.

மாசி மாதம் சாமியாரைக் கூடையில் வைத்து மூடிக்கொண்டு பூவாத்தாளிடம் வந்தான்.

"கொண்டாந்துட்டனுங்க அம்மிணி! இப்படிச் சாதுவ நீங்களே பாத்திருக்க மாட்டீங்க. இத்தன மாசமாச்சு, இன்னும் ஒருக்காக்கூடக் கூவலைங்க. அவ்வளவு அடக்கம்!"

"இறக்கி உடுங்க."

வாசலில் இறக்கி விட்டான். சாமியார் சுவரோரம் போய் நின்றது.

பூவாத்தாள் ஒரு பிடி கம்பை அதன் முன்னால் போட்டாள். அவனையும் உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தாள். சேவல் தானியத்தைப் பார்க்கவே இல்லை. அதன் ஒரு கண் நாட்ராயன் மேலேயே இருந்தது.

"காலையில தீனி போட்டீங்களா?"

"இல்லீங்க. எப்பவும் நான் போட்டுட்டு வெளிய வந்தப்பறம்தான் திங்கும். மரியாத தெரிஞ்ச சேவல்."

பூவாத்தாள் எழுந்து பட்டிக் கதவைத் திறந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஒரு கீரிச் சேவல் நிதானமாக நடந்து வந்தது. உட்கார்ந்திருந்தவளின் காலை மிதித்துக்கொண்டு போய்க் கம்பைப் பொறுக்கியது. நாட்ராயனின் செருப்பை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. தின்றுவிட்டு அவன் காதுக்கு நேராக நின்று ஒரு கூவல் கூவியது.

நாட்ராயன் பின்னால் சாய்ந்தான்.

"இதென்னுங்க, இவ்வளவு அடங்காததா இருக்குது?"

"இந்த ரெண்டுல எதுக்குப் பக்கத்துல பாப்பாளத் தனியா உட்டுட்டுப் போவீங்க?"

"இதென்ன கேள்வி? சாமியார் பக்கத்துலதான்."

"அப்படீன்னா அதத் தூக்கிக்கிட்டு வாங்க."

நாட்ராயன் எழுந்து சுவரோரம் போனான். இரண்டு கையையும் நீட்டினான். சாமியாருக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் விறகு அடுக்கு, முன்னால் அவன். போக இடமில்லை.

அது பாய்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. முகத்தில் சூடாக இறங்கியதுதான் தெரிந்தது. சேவல் அவன் தோளுக்கு மேலே ஏறி, விறகு அடுக்கில் மோதி, கூரைக்குப் போய்விட்டது. தாடையில் ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நின்ற கீரி சும்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கம்பைப் பொறுக்கியது.

பூவாத்தாள் மஞ்சள்தூளும் துணியும் கொண்டு வந்தாள். நாட்ராயன் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"எப்படீங்க? இத்தன நாளா ஒண்ணுமே பண்ணலீங்களே. அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சே."

"நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பயந்து நின்னுச்சு. நீங்க சாதுன்னு பேர் வெச்சுட்டீங்க."

"பயந்தது எதுக்குங்க பாயுது?"

"ஓட எடமிருந்தா ஓடியிருக்கும்."

அவன் துணியைத் தாடையில் அழுத்திக்கொண்டு கூரையைப் பார்த்தான். சாமியார் அங்கேயும் அசையாமல்தான் நின்றது. அதன் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது.

"எது சாதுன்னு எப்படிப் பாக்கறதுங்க?"

"தீனியப் போட்டுட்டு நீங்க அங்கயே இருங்க. உங்க முன்னாடி எது திங்குதோ, அது."

"இதெல்லாம் எனக்குத் தெரியாமப் போச்சே. எல்லாத்தையும் பயந்ததாப் பாத்து எடுத்து வெச்சிருக்கறேன். இந்தக் கீரி மாதிரி ஒண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"இது உங்க கீரிதானுங்கண்ணா. சந்தையில நீங்க குடுத்துட்டுப் போனப்பறம் அத வாங்குனவங்ககிட்ட இருந்து நான் வாங்குனேன்."

நாட்ராயன் கீரியை உற்றுப் பார்த்தான். வலது காலில் அவன் கட்டிய கயிறு உராய்ந்த தழும்பு இருந்தது. அவனுக்கு அழுகை வரும் போலாகிவிட்டது. இருந்த நல்லதையெல்லாம் தன் கையாலேயே தொலைத்துவிட்டோம் என்று நொந்துபோனான்.

"பள்ளிக்கூடம் தொறக்க நாளில்லீங்க" என்றான். "பயந்ததப் பயமில்லாம ஆக்க முடியுங்களா?"

"முழுசா ஆகுமோ ஆகாதோ. கொஞ்சம் ஆகும்."

"சொல்லுங்க. என்ன வேணாலும் செய்யறேன்."

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

ஒரு பிடி கம்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கையை முதுகுப்புறமாகக் கொண்டுபோய்த் தரையில் வைக்கச் சொன்னாள்.

"பட்டிக்குள்ள போயி, அதுகளுக்கு முதுகக் காட்டி உக்காருங்க. கைய இப்படி வெச்சுக்கங்க. திரும்பிப் பாக்காதீங்க. கூப்புடாதீங்க."

"வரலீன்னா?"

"கம்பக் கீழ கொட்டிட்டு எந்திரிச்சு வந்துருங்க. கோவிச்சுக்காம வரோணும்."

அன்றிலிருந்து நாட்ராயன் தன் வீட்டுப் பட்டிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தட்டும் கரண்டியும் சமையலறைக்குப் போயின. ஷிப்ட் முடிந்து வந்த தூக்கம் கண்ணைச் சுழற்றும். பின்னால் இறகுச் சத்தம் கேட்கும். வந்துவிட்டதா என்று திரும்புவான். எல்லாம் மூலைக்கு ஓடிவிடும். இன்னொரு நாள் திரும்பாமல் இருந்தான், ஆனால் "வா, வா சாமி" என்று வாய் வந்துவிட்டது. அவன் குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்து நாய்தான் வந்தது.

பயம்தான் அவனைத் திரும்பவைத்தது. இன்றைக்கும் வரவில்லை என்றால் நாளைக்கு எப்படி, நாளைக்கும் வராவிட்டால் பிள்ளை எப்போது வீட்டுக்கு வரும் என்று முதுகுத்தண்டில் அரித்துக்கொண்டே இருக்கும். கோவிச்சுக்காம எழுந்து வருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

சித்திரை கடைசியில் ஒரு நாள், அலுப்பில் அவன் எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தபோது, உள்ளங்கையில் ஒரு சின்னக் குத்து. அப்புறம் இன்னொன்று. ஒரு பெட்டைக்கோழி கம்பைப் பொறுக்கியது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. திரும்பவும் இல்லை.

வைகாசியில் கலாமணி வந்து பார்க்கச் சம்மதித்தாள். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

கன்னிவாடி பஸ் பூவாத்தாள் வீட்டு வழியாகத்தான் போகும். முதலில் அங்கே இறங்குங்கள் என்று நாட்ராயன் சொல்லியிருந்தான். கீரியைத் தன் பெட்டைகளோடு சேர்த்து வளர்க்க அன்றைக்குத்தான் வாங்கிப் போவதாக ஏற்பாடு. தன் வாய்ச்சொல்லைவிடக் கீரியும் பூவாத்தாளும் சொன்னால் கலாமணி நம்புவாள் என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

தறியிலிருந்து கிளம்பத் தாமதமாகிவிட்டது. அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தபோது பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. படலைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

வாசலில் தாரணி குந்தி உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் தழும்பு வெள்ளையாக ஆறியிருந்தது. அவள் உள்ளங்கையில் பொரி. கீரி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. "மெதுவாத் தின்னு, விக்கிக்கப் போகுது" என்று அவள் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாட்ராயனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"பாத்தயா கலாமணி! நான் சொன்னனா இல்லையா!"

கீரி கொத்துவதை நிறுத்தவில்லை. தாரணியின் கை மூடிக்கொண்டது. பொரி கீழே சிந்தியது. அவள் எழுந்து பின்னாலேயே நடந்து சுவரோரம் போய் நின்றாள்.

"பயப்படாத சாமி. இது பாயாது. அப்பா இருக்கறேன்ல."

"கோழி ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள் தாரணி. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

கலாமணி பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள்.

பூவாத்தாள் உள்ளேயிருந்து ஒரு தட்டில் கச்சாயம் கொண்டு வந்து தாரணி முன்னால் வைத்தாள். வெல்லம் போட்டுச் சுட்டது, இன்னும் சூடு ஆறவில்லை.

"தின்னு கண்ணு."

தாரணி தட்டைத் தொடவில்லை.

"அம்மிணி குடுக்கறாங்கல்ல, எடுத்துத் தின்னு" என்றான் நாட்ராயன். "வெக்கப்படறாளுங்க. நான் சொன்னனில்லீங்க, சாது."

பூவாத்தாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, கீரியப் புடிச்சுக் கொல்லையில கட்டிட்டு, அங்கயே தொட்டியில தண்ணி ரொப்பிட்டு வாங்க."

அவன் கீரியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனான். முளையில் கட்டினான். தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசல் பக்கம் ஒரு பிள்ளை சிரிப்பது கேட்டது. கலகலவென்று அடக்கமாட்டாத சிரிப்பு. நடுவில் என்னவோ கதை வேறு சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காட்டுப் பிள்ளை யாரோ வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு மூலையைத் திரும்பினான்.

வேறு பிள்ளை யாரும் இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. தட்டு காலியாக இருந்தது. தாரணியின் உதட்டில் வெல்லம் ஒட்டியிருந்தது. பாதி கடித்த கச்சாயத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, சுவரோடு ஒட்டி அவள் நின்றாள். ஒரு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. கண் அவன் மேலேயே இருந்தது.

நாட்ராயன் தட்டைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அந்த நிற்பை அவன் ஆறு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறான். அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறான்.

கூரையில் அடித்துக்கொண்ட அந்தச் சேவலின் நெஞ்சு ஞாபகம் வந்தது. தான் தூங்குகிற நேரத்தில் ரத்தத்தோடு சத்தம் போடாமல் நின்ற பிள்ளை ஞாபகம் வந்தது. கலாமணியைப் பார்க்க முடியாமல் பூவாத்தாளைப் பார்த்தான்.

"அம்மிணி" என்றான். தறிக்காரன் குரல் எங்கேயோ போயிருந்தது. "எத்தன நாளா இப்படி?"

"எனக்கெப்படித் தெரியும், அண்ணா? நான் இன்னைக்குத்தான பாக்கறேன்."

கலாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தூரத்தில் கன்னிவாடிக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. கலாமணி எழுந்திருக்கவும் இல்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"நான் என்ன செய்யோணும்?" என்றான் நாட்ராயன்.

பூவாத்தாள் உள்ளே போய் ஒரு கச்சாயத்தை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் புரியாமல் ஒரு நிமிடம் அதைப் பார்த்தான். பிறகு பேசாமல் வாசல் நடுவில் போய், பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தரையில் விரித்து வைத்தான்.

பஸ் வந்து நின்றது. பிறகு போய்விட்டது. கலாமணி பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவனுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. அவன் எதிரே இருந்த படலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மிணி" என்றான், உதடு அசைவது தெரியாமல். "வரலீன்னா?"

"நாளைக்கும் உக்காருங்க."